ஹோம் டைரக்டரி வழிதவறினால்: சிக்வினில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

உதகை, குன்னூர், கூடலூர்ப் பக்கத்துக் கணினிக் கூடங்களிலும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களிலும் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடு என்று சொல்லிவிட முடியாது. பச்சைத் தேயிலைக் கணக்கு ஓடுவதும் டாலி ஓடுவதும் அதே கணினியில்தான். மாலையில் ஷெல் (கட்டளை தட்டி வேலை வாங்கும் நிரல்) பழக வரும் பிள்ளைகள் உட்காருவதும் அதன் முன்னால்தான். இந்த மாதிரி இடங்களுக்குச் சிக்வின் நல்ல ஏற்பாடு: விண்டோஸுக்குள்ளேயே பாஷ் என்ற ஷெல், வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், ஸெட், ஆக் போன்ற லினக்ஸ் கருவிகள் எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் ஒரே கணினியில் பலர் உட்கார்ந்து, கணக்குப் பெயர்கள் மாறி, நடுவில் கரண்டும் போய் வந்தால் முதலில் குழம்புவது ஹோம் டைரக்டரிதான், அதாவது அவரவர் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் சொந்த அடைவு.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் கீழே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம். $ஹோம் என்ற மாறி எப்போதும் பேரெழுத்து. 'பாஸ்வ்டு' என்று வரும் இடங்களில் ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளும் கிடையாது; அவற்றைச் சேர்த்துத் தட்டிவிட்டுக் கோப்பைக் காணோம் என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆரம்பத்திலேயே ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஹோம் தப்பாக இருந்தால், பாஷ் தொடங்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சி கோப்பில் 'எக்ஸ்போர்ட் ஹோம்=' என்று ஒரு வரியைச் சேர்ப்பதுதான் பலரும் செய்வது. அந்தக் கோப்பைத் திறக்கவே பாஷுக்கு முதலில் ஹோம் தெரிந்திருக்க வேண்டும். தப்பான இடத்தில் இருக்கும் கோப்பில் சரியான இடத்தை எழுதி வைத்தால், அடுத்த முறை பாஷ் தேடப் போகும் இடமே வேறாகிவிடும். போதாததற்கு, எஸ்எஸ்எச் இந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. எங்கே பிசகியதோ அங்கேதான் திருத்த வேண்டும்.

எதையும் தொடும் முன் மூன்று இடத்தில் கேளுங்கள்

சிக்வின் டெர்மினலில்:

எக்கோ "$ஹோம்"
கெட்என்ட் பாஸ்வ்டு "$(ஐடி -யூஎன்)"

பிறகு விண்டோஸின் சிஎம்டி சன்னலில்:

செட் ஹோம்

முதல் கட்டளை, இப்போது ஓடும் ஷெல் எதை ஹோம் என்று நினைக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டாவது, சிக்வினின் பயனர் பட்டியல் சொல்வது. அதில் இப்படி ஒரு வரி வரும்:

லேப்3:*:197609:197121:யூ-லேப்பிசி\லேப்3,எஸ்-1-5-21-...:/ஹோம்/லேப்3:/பின்/பாஷ்

முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு பகுதிகளில் ஆறாவதுதான் ஹோம். மூன்றாவதான 197609 சும்மா வந்த எண் இல்லை: விண்டோஸ் அந்தக் கணக்குக்குத் தந்த அடையாள எண் 1001, அதோடு 196608ஐச் சிக்வின் கூட்டிக்கொள்கிறது. கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கினாலும் இந்த எண் மாறிவிடும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

மூன்றாவது கட்டளை, 'ஹோம்' என்று தொடங்கும் எல்லா மாறிகளையும் காட்டும். ஹோம்டிரைவ், ஹோம்பாத் என்ற இரண்டும் விண்டோஸே வைப்பவை. அவை இருப்பது இயல்பு. வெறும் 'ஹோம்' என்று ஒரு வரி வந்தால், அது விண்டோஸ் வைத்ததல்ல. யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள் வைத்தது.

டெர்மினலைத் திறக்கும்போது சிக்வின் முதலில் விண்டோஸிலிருந்து வரும் ஹோம் மாறியைப் பார்க்கும். இருந்தால் அதுவே செல்லும். இல்லாவிட்டால்தான் பயனர் பட்டியலின் ஆறாவது பகுதிக்கு வரும். எஸ்எஸ்எச்சோ முதலாவதைத் திரும்பியும் பார்க்காமல் நேரே பட்டியலுக்குப் போகும். ரேஷன் கார்டில் ஒரு முகவரியும் ஆதாரில் வேறொரு முகவரியும் இருப்பவரின் நிலைமைதான்: ஒவ்வோர் அலுவலகமும் தனக்குப் பிடித்த அட்டையைப் பார்த்துக் கடிதம் அனுப்பும். முதல் இரண்டு பதில்களும் ஒத்துப்போய், மூன்றாவதில் வெறும் 'ஹோம்' வராமலோ அதே இடத்தைக் காட்டியோ இருந்தால் பிழை ஹோமில் இல்லை. டெர்மினல் திறக்கும் முறை,.பாஷ்ஆர்சி, உரிமைகள் என்று கீழே உள்ள பகுதிகளுக்குப் போங்கள்.

அறிகுறி: நேற்று வரை இருந்த கோப்புகளைக் காணோம்; 'காப்பியிங் ஸ்கெலிடன் ஃபைல்ஸ்' என்று செய்தி வருகிறது

கோப்புகள் அழியவில்லை. ஹோம் என்று காட்டப்பட்ட அடைவு இல்லாததால் /இடிசி/புரொஃபைல் புதிதாக ஒன்றை உருவாக்கி, /இடிசி/ஸ்கெல் அடைவில் இருக்கும் மாதிரிக் கோப்புகளை அதில் போட்டிருக்கிறது. இந்தச் செய்தி ஒரு கணக்குக்கு ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். இரண்டாம் முறை வந்தால் ஹோம் இடம் மாறிவிட்டது என்று பொருள்.

எல்எஸ் -எல் /ஹோம்

என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அடைவுகள் இருக்கும், பழையதும் புதியதும். காரணம் வழக்கமாக இவற்றில் ஒன்று: விண்டோஸ் கணக்கின் உள்நுழைவுப் பெயரை (திரையில் தெரியும் பெயரை மட்டும் அல்ல) யாரோ மாற்றியிருப்பார்கள், அல்லது உள்ளூர்க் கணக்குக்குப் பதிலாக மின்னஞ்சல் வழிக் கணக்கில் நுழைந்திருப்பார்கள், அல்லது டி டிரைவைக் கொண்டுவந்து /ஹோம் மேல் ஏற்றியிருப்பார்கள்.

பெயர் மட்டும் மாறியிருந்தால் அடையாள எண் மாறாது, கோப்புகளின் உரிமையும் மாறாது. புதிய அடைவில் மாதிரிக் கோப்புகள் தவிர வேறு எதுவும் சேரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, எல்லாச் சிக்வின் சன்னல்களையும் மூடிவிட்டு, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் சி:\சிக்வின்64\ஹோம் போய், புதிய அடைவுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, பழையதற்குப் புதிய கணக்கின் பெயரைச் சூட்டுங்கள். அவ்வளவுதான். பெயரில் எழுத்துக்கு எழுத்து பொருத்தம் வேண்டும்.

டி டிரைவை ஏற்றியதால் வந்த வினை என்றால், எது எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் இப்படி ஒரு வரி இருக்கும்:

டி:/வீடு /ஹோம் என்டிஎஃப்எஸ் பைனரி,போசிக்ஸ்=0 0 0

இந்த வரி தப்பில்லை. சி டிரைவ் சின்ன எஸ்எஸ்டியாக இருக்கும் கணினிகளில் இதை நாமே பரிந்துரைப்போம். ஆனால் ஏற்றியதும் கீழே இருக்கும் பழைய /ஹோம் மறைந்துவிடும். அதனால் வரியைச் சேர்க்கும் முன்பே படியெடுக்க வேண்டும் (சிக்வினில் டி டிரைவின் பெயர் /சிக்டிரைவ்/டி):

சிபி -ஏ /ஹோம்/. /சிக்டிரைவ்/டி/வீடு/

முன்பே செய்யாதவர்களுக்கும் கவலை இல்லை. சி:\சிக்வின்64\ஹோம் அடைவில் எல்லாம் அப்படியே இருக்கும். சிக்வின் வழியே பார்த்தால்தான் தெரியாது. அடைவின் பெயரில் இடைவெளி இருந்தால் எஃப்எஸ்டேப்பில் இடைவெளிக்குப் பதில் \040 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் வரி பாதியில் வெட்டுப்பட்டுவிடும்.

அறிகுறி: ஹோம் /சிக்டிரைவ்/சி/... என்றோ, எச் டிரைவ் என்றோ காட்டுகிறது

சிஎம்டியில் 'செட் ஹோம்' போட்டதில் வெறும் ஹோம் ஒரு வரியாக வந்ததா? அதுதான் காரணம். விண்டோஸ் ஈமேக்ஸுக்காகவோ கிட்டுக்காகவோ யாராவது எப்போதோ வைத்திருப்பார்கள்.

இனி யாருக்கும் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட்' என்று தட்டினால் கணக்குக்கான மாறிகளைத் திருத்தும் சன்னல் வரும். மேற்பாதியில் அந்தப் பயனருக்கானவை, கீழ்ப்பாதியில் கணினி முழுமைக்குமானவை, இரண்டிலும் பாருங்கள். கீழ்ப்பாதியில் இருந்தால் அந்தக் கணினியில் உட்காரும் அத்தனை பேருக்கும் ஒரே ஹோம். கணினிக் கூடத்தில் ஒரு மாணவியின் கட்டளை வரலாறு அடுத்தவருக்குத் தெரிவது இப்படித்தான்.

'செட்எக்ஸ்' கட்டளையால் இதை நீக்க முடியாது. அது மதிப்பை வெறுமையாக்கும், மாறியை அழிக்காது. 'ரெக் டெலீட்' போட்டு அழித்தால் வேலை முடியும், ஆனால் ஏற்கெனவே ஓடும் எக்ஸ்ப்ளோரருக்கு அந்தச் சேதி போகாது. லாக்-ஆஃப் செய்து திரும்ப நுழைய வேண்டும். சன்னல் வழியாக நீக்கினால் எக்ஸ்ப்ளோரர் உடனே தெரிந்துகொள்ளும். சிக்வின் டெர்மினலை மூடித் திறந்தால் போதும்.

வேறு மென்பொருளுக்கு அந்த மாறி தேவை என்றால் அழிக்காதீர்கள். சி:\சிக்வின்64 அடைவில் இருக்கும் சிக்வின்.பேட் கோப்பை வேறு பெயரில் படியெடுத்து, அதில் பாஷைத் தொடங்கும் வரிக்கு முன்னால்

செட் ஹோம்=

என்று ஒரு வரி சேர்த்து, அந்தக் கோப்பின் மூலமே சிக்வினைத் திறங்கள். சமக்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது.

எச் டிரைவ் விவகாரம் வேறு. பெரிய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஓர் அடைவு தந்து அதை எச் என்று இணைத்திருப்பார்கள். ஹோம்டிரைவ் மாறி அதைக் காட்டும். சமவெளியில் இது ஓடிவிடும். மலையில் நாம் இதை ஆதரிக்க மாட்டோம். சர்வர் கோயம்புத்தூரில் இருந்து, இடையில் மரம் விழுந்து இணைப்பு அறுந்தால் டெர்மினல் திறக்கவே நேரம் பிடிக்கும், அல்லது ஹோம் இல்லை என்று முறையிடும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி மழைநாளிலும் திறக்க வேண்டிய கணினி என்றால் ஹோம் உள்ளூர் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். சர்வருக்கு ஒரு நகலை அனுப்புவது தனி வேலை.

அறிகுறி: என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திருத்தியும் ஒன்றும் மாறவில்லை

ஹோம் எங்கே என்று சிக்வினுக்குச் சொல்ல வேண்டிய முறையான இடம் /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப். அதில் டிபி_ஹோம் என்று தொடங்கும் வரி. எதுவும் எழுதாவிட்டால் /ஹோம்/பயனர்பெயர். நீங்கள் எழுதக்கூடியவை பல. நம் ஊர்ப் பயன்பாட்டுக்கு இரண்டு போதும்:

டிபி_ஹோம்: விண்டோஸ்

என்றால் விண்டோஸ் கணக்கில் தனியாக ஹோம் குறித்திருந்தால் அது, இல்லாவிட்டால் சி:\யூசர்ஸ் கீழே இருக்கும் அவரவர் அடைவு.

டிபி_ஹோம்: /சிக்டிரைவ்/டி/வீடு/%யூ

என்றால் டி டிரைவில் வீடு என்ற அடைவுக்குள் அவரவர் பெயரில் ஓர் அடைவு. இந்த யூ பேரெழுத்தாக இருந்தால் விண்டோஸ் பெயர், சிற்றெழுத்தானால் சிக்வின் பெயர். கணினி டொமைனில் (அலுவலகத்துக்குப் பொதுவான கணக்கு ஏற்பாடு) சேர்ந்திருந்தால் உள்ளூர்க் கணக்குகளின் சிக்வின் பெயருக்கு முன்னால் கணினிப் பெயரும் கூட்டல் குறியும் ஒட்டிக்கொள்ளும். அடைவுப் பெயரில் கூட்டல் குறி வேண்டாம் என்றால் பேரெழுத்து யூ போடுங்கள். பாதையில் இடைவெளி வர வேண்டுமானால் %_ என்று எழுத வேண்டும்.

முதல் வகையைப் பலரும் விரும்புகிறார்கள், எல்லாம் ஒரே இடத்தில் இருக்குமே என்று. நாம் இரண்டாவதையே சொல்வோம். சி:\யூசர்ஸ் அடைவுக்குள் சிக்வின் எழுதும் கோப்புகளின் உரிமைப் பட்டியலை எக்ஸ்ப்ளோரர் திறந்து பார்த்தால் வரிசை தப்பு என்று எச்சரிக்கும். யாராவது அதற்கு ஓகே கொடுத்து 'சரி' செய்துவிட்டால், எஸ்எஸ்எச் சாவிக் கோப்பின் உரிமை குலைந்துபோகும். விண்டோஸ் அடைவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும் என்றால் ஓர் இணைப்பு வைத்துக்கொள்ளலாம் (யூசர்புரொஃபைல் பேரெழுத்தில்):

எல்என் -எஸ் "$(சிக்பாத் -யூ "$யூசர்புரொஃபைல்")" ~/வின்

இனி, திருத்தியும் மாறாததற்கு வருவோம். காரணங்கள் மூன்று.

ஒன்று, இந்தக் கோப்பைச் சிக்வின் ஒரே ஒரு முறைதான் படிக்கும்: முதல் சிக்வின் நிரல் தொடங்கும்போது. அதிலிருந்து பிறக்கும் எல்லாம் அந்தப் பழைய பதிலையே சுமந்துகொண்டிருக்கும். ஒரு சன்னலை மூடித் திறப்பது போதாது. எல்லாச் சன்னலையும் மூடுங்கள். பின்னணியில் ஓடும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் போன்றவற்றையும் நிறுத்துங்கள். 'சிக்ரன்சர்வ் -எல்' (இந்த எல் பேரெழுத்து) போட்டால் சேவையாக ஓடுபவை தெரியும். சிக்வினின் பின்னணிச் சேவையான சிக்சர்வர் ஓடினால் அதையும் நிறுத்தித் தொடங்குங்கள். பயனர் விவரத்தை அது நினைவில் வைத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் கணினியையே மறுபடி தொடங்குவது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இரண்டு, பழைய /இடிசி/பாஸ்வ்டு கோப்பு கிடக்கிறது. 2015க்கு முந்தைய சிக்வினில் இந்தக் கோப்பு கட்டாயம். இப்போது தேவையில்லை, பயனர் விவரத்தைச் சிக்வின் விண்டோஸிடமே நேராகக் கேட்டுவிடும். ஆனால் கோப்பு இருந்தால் அதைத்தான் முதலில் படிக்கும். வருஷக்கணக்காக மேம்படுத்தியே வந்த கணினிகளில் இது பதுங்கியிருக்கும். பெயரை மாற்றி வையுங்கள்:

எம்வி /இடிசி/பாஸ்வ்டு /இடிசி/பாஸ்வ்டு.பழசு

/இடிசி/குரூப் இருந்தால் அதற்கும் இதே மருந்து.

மூன்று, நீங்கள் திருத்தியதே பதிவாகவில்லை. சிக்வினை நிர்வாகியாக நிறுவியிருந்தால் சாதாரணக் கணக்கால் /இடிசியில் எழுத முடியாது. டெர்மினலை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து திருத்துங்கள். அடிப்படை நிறுவலில் விஐ இருக்கும், நானோ தனியாகச் சேர்க்க வேண்டும். விஐ பழகாதவர்கள்

நோட்பேட் "$(சிக்பாத் -டபிள்யூ /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்)"

என்று திறக்கலாம்.

அறிகுறி: டெர்மினல் வேறு இடத்தில் திறக்கிறது, 'எல்எஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது

இதில் ஹோம் குற்றவாளி இல்லை. டெஸ்க்டாப் குறுக்குவழியில் வலது சொடுக்கு, புராப்பர்ட்டீஸ், டார்கெட். அங்கே இப்படி இருக்க வேண்டும்:

சி:\சிக்வின்64\பின்\மின்டிடிஒய்.இஎக்ஸ்இ -ஐ /சிக்வின்-டெர்மினல்.ஐகோ -

கடைசியில் தனியாக நிற்கும் அந்தச் சின்னக் கோடுதான் உயிர். 'லாகின் ஷெல்லாகத் திற' என்பது அதன் பொருள். குறுக்குவழியைக் கையால் உருவாக்கும்போதோ ஐகானை மாற்றும்போதோ அது காணாமல் போனால் /இடிசி/புரொஃபைல் ஓடாது, பாதையில் /யூஎஸ்ஆர்/பின் சேராது, எல்எஸ்கூடக் கிடைக்காது.

கட்டளைகள் கிடைக்கின்றன, ஆனால் தொடங்கும் இடம் மட்டும் ஹோம் இல்லை என்றால் சிஎச்இஆர்இ_இன்வோக்கிங் என்ற மாறி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள் (முழுக்கப் பேரெழுத்து). 'இங்கே பாஷ் திற' என்ற வலது சொடுக்கு வசதிக்காக இருக்கும் மாறி அது. நிரந்தரமாக வைத்துவிட்டால் /இடிசி/புரொஃபைல் ஹோமுக்குப் போவதை விட்டுவிடும்.

அறிகுறி: ஹோம் சரி, ஆனால் .பாஷ்ஆர்சியில் எழுதியது எதுவும் எடுபடவில்லை

முதலில் 'எல்எஸ் -எல்ஏ ~' போட்டுப் பெயரைப் பாருங்கள். நோட்பேடில் சேமித்திருந்தால் .பாஷ்ஆர்சி.டிஎக்ஸ்டி என்று இருக்கலாம். எக்ஸ்ப்ளோரர் அந்த வாலை மறைத்துவிடும்.

பெயர் சரி என்றால் .பாஷ்_புரொஃபைல் இருக்கிறதா? லாகின் ஷெல் நேராகப் படிப்பது அதைத்தான். அது .பாஷ்ஆர்சியைக் கூப்பிட்டால்தான் உண்டு. ஹோம் அடைவை எக்ஸ்ப்ளோரரில் கையால் உருவாக்கியவர்களிடம் இந்தக் கோப்பு இருக்காது, ஏனென்றால் அடைவு ஏற்கெனவே இருப்பதால் மாதிரிக் கோப்புகளைச் சிக்வின் போட்டிருக்காது. தீர்வு ஒரே வரி:

சிபி -என் /இடிசி/ஸ்கெல்/.பாஷ்* ~/

இருக்கிற கோப்புகளின் மேல் எழுதாமல், இல்லாதவற்றை மட்டும் -என் போடும்.

'\ஆர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று பிழை வந்தால் வரி முடிவுகள் விண்டோஸ் பாணியில் இருக்கின்றன. 'டாஸ்2யூனிக்ஸ் ~/.பாஷ்ஆர்சி' போதும். அந்தத் தொகுப்பு நிறுவியிருக்காவிட்டால், ஸெட் எப்படியும் இருக்கும்:

ஸெட் -ஐ 'எஸ்/\ஆர்$//' ~/.பாஷ்ஆர்சி

2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் யூனிக்ஸ் பாணி வரி முடிவைக் குலைக்காமல் காப்பாற்றும். ஆனால் புதிதாகத் தொடங்கும் கோப்பில் இன்னும் விண்டோஸ் பாணிதான். முதல் வரியில் மட்டும் விசித்திரமான பிழை, மற்றவை சரி என்றால் கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளக் குறி ஒட்டியிருக்கிறது. டாஸ்2யூனிக்ஸ் அதையும் எடுத்துவிடும்.

மலைக்கே உரிய ஒரு வகை உண்டு. கூடலூர், பந்தலூரில் ஆனி ஆடிக் காற்றிலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி மழையிலும் கரண்ட் போவது சொல்லிக்கொண்டு வராது. கோப்பைச் சேமித்த சில நொடிகளில் கணினி அணைந்தால், என்டிஎஃப்எஸ் தன் பதிவேட்டில் கோப்பின் அளவைக் காப்பாற்றிவிடும், உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போயிருக்காது. விளைவு: எல்எஸ்ஸில் .பாஷ்ஆர்சி பழைய அளவிலேயே தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. கண்டுபிடிக்க:

ஓடி -சி ~/.பாஷ்ஆர்சி | ஹெட்

\0 \0 \0 என்று ஒரு வரியும், அடுத்து ஒரு நட்சத்திரக் குறியும் வந்தால் கோப்பு முழுக்கப் பூஜ்யம். மீட்க வழி கிடையாது. /இடிசி/ஸ்கெல்லிலிருந்து புதிய மாதிரியை எடுத்துக்கொண்டு மறுபடி எழுத வேண்டியதுதான். யூபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காத கூடங்களில், வாரம் ஒரு முறை ஹோமில் புள்ளியில் தொடங்கும் கோப்புகளை ஒரு டார் கோப்பாகக் கட்டி டி டிரைவில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

அறிகுறி: எஸ்எஸ்எச் சாவியைக் கண்டுகொள்ளவில்லை

எஸ்எஸ்எச் -வி சர்வர்பெயர்

வரும் வரிகளில் 'ஐடென்டிட்டி ஃபைல்' என்று இருப்பவற்றைப் பாருங்கள். அதில் இருக்கும் பாதை உங்கள் $ஹோம் இல்லை என்றால், தொடக்கத்தில் சொன்ன முகவரித் தகராறுதான்: எஸ்எஸ்எச் பயனர் பட்டியலைப் பார்க்கிறது. என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் திருத்துங்கள்.

பாதை சி:\யூசர்ஸ் வடிவில் பின்சாய்கோட்டோடு வந்தால் ஓடுவது சிக்வினின் எஸ்எஸ்எச்சே இல்லை, விண்டோஸ் தன்னுடன் கொண்டுவரும் எஸ்எஸ்எச். 'டைப் -ஏ எஸ்எஸ்எச்' என்றால் இரண்டும் வரிசையாக வரும். எது முதலில் வருகிறதோ அதுதான் ஓடும்.

பாதை சரி, ஆனால் உரிமை அதிகம் திறந்திருக்கிறது என்று சாவியை மறுத்தால்:

சிஎச்மோட் 700 ~/.எஸ்எஸ்எச்
சிஎச்மோட் 600 ~/.எஸ்எஸ்எச்/ஐடி_இடி25519

இதைப் போட்டும் எல்எஸ்ஸில் உரிமைகள் மாறவில்லை என்றால் இரண்டு சாத்தியம். 'மவுன்ட்' என்று மட்டும் தட்டிப் பாருங்கள்: ஹோம் இருக்கும் இடத்துக்கு எதிரில் 'நோஏசிஎல்' என்று இருந்தால் சிஎச்மோட் பெயருக்குத்தான் ஓடுகிறது. எஃப்எஸ்டேப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்குங்கள். இல்லை, ஹோமே பென் டிரைவில் இருக்கிறதா? எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32விலும் உரிமை என்ற ஏற்பாடே கிடையாது. வகுப்பு விட்டு வகுப்பு ஹோமைப் பென் டிரைவில் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு ஒரே வழி: சாவியை மட்டும் உள்ளூர் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் வைப்பது, அல்லது பென் டிரைவையே என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்வது.

விண்டோஸ் அடைவிலிருந்து படியெடுத்த கோப்புகளில் தேவையற்ற உரிமைகள் மிச்சம் ஒட்டியிருக்கும். முதலில் 'செட்எஃப்ஏசிஎல் -பி' போட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சிஎச்மோட் போடுங்கள்.

அறிகுறி: பயனர் பெயரில் இடைவெளி அல்லது தமிழ்

விண்டோஸில் 'அலுவலகம்' என்றே கணக்கு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. சிக்வின் இதற்கு மறுப்புச் சொல்லாது. /ஹோம்/அலுவலகம் உருவாகும், வேலையும் செய்யும். டெர்மினலில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். அது மின்டிடிஒய் (சிக்வினின் டெர்மினல் சன்னல்) காட்டும் விதம், கோப்பில் பிழை இல்லை. உண்மையான தொல்லை நீளத்தில் வரும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'அலுவலகம்' மட்டும் 24 பைட். நிரல்கள் தங்களுக்குள் பேசப் பயன்படும் சாக்கெட் கோப்புகளின் பாதைக்கு 108 பைட்தான் இடம். அடைவுக்குள் அடைவாகப் போனால் சில ஏஜென்ட் நிரல்கள் 'பாதை நீளம்' என்று நின்றுவிடும்.

இடைவெளிதான் இன்னும் மோசம். மேற்கோள்குறி இல்லாமல் $ஹோம் என்று எழுதிய எத்தனையோ ஸ்கிரிப்டுகள் முதல் இடைவெளியில் உடையும். அவற்றையெல்லாம் திருத்திக்கொண்டிருப்பதைவிட ஹோமை மாற்றுவது மேல். கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றுவதால் பயனில்லை. அது திரையில் தெரியும் பெயரை மட்டுமே மாற்றும், சி:\யூசர்ஸ் அடைவு பழைய பெயரிலேயே நிற்கும். ஒரே ஒருவருக்கு மட்டும் மாற்ற, மேலே பதுங்கியிருக்கிறது என்று சொன்ன அந்தப் பாஸ்வ்டு கோப்பையே நல்லதற்குப் பயன்படுத்தலாம்:

எம்கேபாஸ்வ்டு -சி > /இடிசி/பாஸ்வ்டு

ஒரே வரி உருவாகும். அதன் ஆறாவது பகுதியை /ஹோம்/ஆபீஸ் போன்ற ஆங்கிலச் சிறுபெயராக மாற்றிவிட்டு, பழைய அடைவுக்கும் அதே பெயரைக் கொடுத்து, எல்லாச் சிக்வின் நிரல்களையும் மூடித் திறங்கள்.

அறிகுறி: கோப்புகளின் உரிமையாளர் 'அன்நோன்+யூசர்'

கணினியை ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி போட்டிருப்பார்கள், அல்லது கணக்கை அழித்து அதே பெயரில் உருவாக்கியிருப்பார்கள். பெயர் ஒன்றுதான், அடையாளம் வேறு. டி டிரைவில் பிழைத்த பழைய ஹோமின் கோப்புகள் இப்போது இல்லாத ஒருவருக்குச் சொந்தமாக இருக்கின்றன. நிர்வாகியாகத் திறந்த சிக்வினில்:

சிஎச்ஓன் -ஆர் லேப்3 /சிக்டிரைவ்/டி/வீடு/லேப்3

ஆர் பேரெழுத்து. இதுவும் மறுக்கப்பட்டால், நிர்வாகி சிஎம்டியில் 'டேக்ஓன்' போட்டு உரிமையை எடுத்துக்கொண்டு பிறகு திரும்ப வாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: கரண்ட் போய் வந்தபின் டெஸ்க்டாப்பே புதிதாகத் தெரிந்து, சிஎம்டியில் 'செட் யூசர்புரொஃபைல்' போட்டால் சி:\யூசர்ஸ்\டெம்ப் என்று காட்டினால், விண்டோஸ் உங்கள் புரொஃபைலைத் திறக்க முடியாமல் தற்காலிகமாக ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அங்கே எதையும் சேமிக்காதீர்கள், லாக்-ஆஃப் செய்ததும் போய்விடும். இந்நிலையில் சிக்வினில் எதையும் திருத்த வேண்டாம். ஒரு முறை மறுபடி தொடங்கிப் பாருங்கள். அப்படியும் டெம்ப் என்றால் முதலில் விண்டோஸ் புரொஃபைலைச் சரிசெய்யுங்கள், பாதி நேரம் சிக்வினும் தானாகச் சரியாகிவிடும்.

டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு

டபிள்யூஎஸ்எல் என்பது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் ஏற்பாடு. மேலே சொன்ன என்எஸ்ஸ்விட்ச் கதை எதுவும் இங்கே பொருந்தாது. உள்ளே ஓடுவது உண்மையான லினக்ஸ், ஹோமைச் சொல்வது அதன் பாஸ்வ்டு கோப்பு. /எம்என்டி/சி/யூசர்ஸ் என்று திறந்தால் ஹோம் மாறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எங்கிருந்து கூப்பிட்டீர்களோ அங்கேயே திறக்கிறது. 'டபிள்யூஎஸ்எல் ~' என்று கூப்பிடுங்கள்.

நெட் மெதுவான இடங்களில் ஒரு கணினியில் டிஸ்ட்ரோவை (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பை) இறக்கி, ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் கொண்டுபோய் மற்றவற்றில் இறக்குமதி செய்வது வழக்கம். நல்ல வழிதான். ஆனால் இறக்குமதியானதும் எல்லாரும் ரூட்டாக (லினக்ஸின் நிர்வாகியாக) நுழைவார்கள், ஹோம் /ரூட் ஆகிவிடும். டிஸ்ட்ரோவுக்குள் /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் இரண்டு வரி:

[யூசர்]
டிஃபால்ட்=லேப்3

பிறகு விண்டோஸ் பக்கத்திலிருந்து 'டபிள்யூஎஸ்எல் --டெர்மினேட்' உடன் டிஸ்ட்ரோவின் பெயரைக் கொடுத்து நிறுத்தித் திறங்கள். ஹோமை வேறு இடத்துக்கு நகர்த்துவதானால், அந்தப் பயனர் நுழைந்திருக்கும்போது யூசர்மாட் மறுத்துவிடும். எல்லாச் சன்னலையும் மூடிவிட்டு, டிஸ்ட்ரோவையும் ஒரு முறை நிறுத்திவிட்டு, 'டபிள்யூஎஸ்எல் -யூ ரூட்' என்று நுழைந்து:

யூசர்மாட் -டி /டேட்டா/லேப்3 -எம் லேப்3

-எம் விட்டுப்போனால் பாதை மட்டும் மாறும், கோப்புகள் பழைய இடத்திலேயே கிடக்கும். அப்படி ஆகிவிட்டால் ரூட்டாகவே இருந்து எம்வி கட்டளையால் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.